நீயும் அப்பாவும் அந்த அலையும்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

என் கண்ணு அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நலமாக இருக்கிறோம், தீபாவளிப் புகையில் காலனி முழுக்க இருமுகிறது, அதில் எங்கள் பங்குக்கு நாங்களும் இருமுகிறோம், மற்றபடி குறையில்லை. பெர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு படுக்காமல், சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போன் இருக்கிறது, அது என் கைக்கு எங்கே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் உங்கப்பா பாய்ந்து எடுக்கிறார், ஸ்பீக்கரில் போடுகிறார், நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்து கடைசியில் அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று என்னிடம் வரும்போது நீ கொட்டாவி விடுகிறாய். அதனால்தான் கடிதம். தீபாவளிக்கு வந்த ஷ்ரவண் நாளைக்குப் பெர்த்துக்குத் திரும்பிப் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரிக்க மாட்டான், பிரித்தாலும் அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாது. அவன் அம்மா வைதேஹி மாமியை உத்தேசித்துத்தான் உறையைச் சுற்றிலும் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. வேறு யார் மேலும் இல்லை, உங்கப்பா மேல். நீ பிறந்ததிலிருந்து போன வருஷம் வரைக்கும் நீயும் அவரும் பேசிக்கொண்டது மொத்தம் மூன்று வாக்கியம், சாப்பிட்டியா, ஆபீஸ் எப்படி இருக்கு, இந்தா அம்மாகிட்ட பேசு. காய்ச்சல் என்றாலும், காதல் என்றாலும், மேனேஜர் திட்டினாலும் நீ என்னிடம்தான் வந்தாய். அந்த முருங்கைக்காய் மாதிரி ஒல்லிப் படகு, சர்ஃப்ஸ்கி, அதில் நீ உட்கார ஆரம்பித்தாய், அன்றோடு என் கதை முடிந்தது. இப்போது எடுத்ததும் அப்பா எங்கே என்கிறாய். அங்கே கடல் காற்றுக்கு டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்களாம், அந்த டாக்டர் இன்றைக்கு எத்தனை வேகத்தில் வருகிறார் என்று உங்கப்பாவுக்குக் காலையில் பல் தேய்க்கும் முன்னால் தெரியும். வீட்டில் கேஸ் சிலிண்டர் காலியானது சாயங்காலம் வரை தெரியாது.

நீ போனை வைத்த பிறகு இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. சரோஜினி நகரில் பேரம் பேசி ஒரு பெரிய ரப்பர் பந்து வாங்கி வந்திருக்கிறார், அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு காலையும் ஒட்டிச் சேர்த்து திவான் விளிம்பில் அழுத்திக்கொண்டு, கையில் தரை துடைக்கிற போச்சா கம்பைத் துடுப்பாகப் பிடித்து ஆடுகிறார். எதிரே நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன், எனக்குப் பாடம் நடக்கும். இடுப்புக்குக் கீழே படகோடு ஆடணுமாம், இடுப்புக்கு மேலே ஆடவே கூடாதாம். துடுப்பைக் கையால் இழுக்கக் கூடாது, உடம்பைத் திருப்பி இழுக்கணும். அலை குலுக்கும்போது பயந்து துடுப்பை மேலே தூக்கினால் போச்சு, அது தண்ணீரில் இருக்கிற வரைக்கும்தான் மூன்றாவது கால். பக்கத்திலிருந்து காற்று அடித்தால் கம்பை உயர்த்தாமல் தாழ்வாக, அகலமாக வீசணும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் முன்னால் போகிற அலையைத் துரத்தி மூச்சு வாங்கக் கூடாது, படகு மூக்கு எங்கே இறங்குகிறது என்று பார்த்து அந்தப் பள்ளத்தில் நாலு இழு பலமாக இழுத்துவிட்டுச் சும்மா இருக்கணும், மீதியை அலை பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் வீடியோ பார்த்துச் சொல்கிற மனிதருக்கு நீச்சல் தெரியாது. மெரினாவில் முழங்கால் நனையுமுன் ஓடி வந்தவர். நான் திருச்செந்தூர்க்காரி, கடலுக்கு எதிரே பள்ளிக்கூடச் சீருடை காயப்போட்டவள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. ஒருநாள் அவர் பென்ஷன் ஆபீசுக்குப் போனபோது கதவைத் தாளிட்டுக்கொண்டு நானும் அந்தப் பந்தில் உட்கார்ந்து பார்த்தேன். விழவில்லை. இருபத்தெட்டு வருஷம் டி.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டே ஆபீஸ் போனவளுக்கு இடுப்பைத் தளரவிடுவதைச் சொல்லித்தர வேண்டாம். இதை உங்கப்பாவிடம் சொல்லாதே, உடனே உட்காரவைத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், வைதேஹி மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அகல்யா பொழைச்சது மறுபிறவி மாமி, ஷ்ரவண் சொன்னப்போ எனக்கே கைகால் உதறித்து என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள மனசு வரவில்லை, ஆமா மாமி, அன்னைக்கே போன் பண்ணி எல்லாம் சொல்லிட்டா என்றேன். தெரிந்ததாகச் சொல்லிவிட்ட பிறகு எதையும் கேட்க முடியாதே. அவளாகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டியே தெரிந்துகொண்டேன். காற்று பலமாக இருந்ததாம், பாறைச் சுவரில் மோதித் திரும்பிய அலை பக்கத்திலிருந்து கவிழ்த்ததாம், படகையும் காலையும் சேர்க்கிற கயிறு, அந்த லீஷ், நீ மாட்டியிருக்கவில்லையாம், காற்று படகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். ஷ்ரவண் உன்னைப் பார்க்க வந்து கரையில் நின்றானாம், படகு மட்டும் வந்ததாம், நீ வரவில்லையாம். கூட வந்தவர்களில் ஒருத்தி திரும்பிப் போய்த் தேடி உன்னைத் தன் படகின் வாலைப் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்தாளாம். நான் எல்லாவற்றுக்கும் அச்சா அச்சா என்று சிரித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர், தேங்காய் வேணுமா வேண்டாமா என்று இரண்டு தரம் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் தேங்காய் இல்லை, மூன்று வாழைப்பூ இருந்தது.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை, காலையும் மாலையும் ரவை உப்புமா கிண்டி வைத்தேன். உப்புமா தொடர்ந்து வந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று உங்கப்பாவுக்குத் தெரியும், மூன்றாம் நாள் ராத்திரி தட்டை நகர்த்திவிட்டு, யார் சொன்னாங்க என்றார். அப்புறம் நான் பேசினேன், மேல் வீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். டெங்குவில் நீ கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்தவள் யார், உனக்கு மூச்சு முட்டினால் எனக்கு முட்டும், ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா, நீங்கள் இரண்டு பேரும் கட்சி கட்டிக்கொண்டு என்னை வெளியே நிறுத்துகிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். நான் பயப்படுவேன் என்றுதான் சொல்லவில்லையாம். நான் இன்னும் கத்தினேன். அவர் அந்தப் பந்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் சொன்னார், செல்வி, அவள் கவிழ்ந்ததை மறைப்பதற்காக இல்லை, லீஷை ஏன் மாட்டவில்லை என்பதை மறைக்கத்தான் எதையுமே சொல்லவில்லை என்று.

உனக்குத் தெரியும், எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் போட்டோவை உங்கப்பா காலனி வாட்ஸப் குரூப்பில் போட்டாரே, அத்தனை கண்ணும் உன்மேல் படுமே என்று நான் கறுப்புக் கயிறு வாங்கிப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து, ஒன்பது முடிச்சு போட்டுப் பார்சலில் அனுப்பினேன். கண் திருஷ்டி பாதி, மீதிப் பாதி என்னவென்றால், உங்கப்பாவின் பேச்சு அந்தப் படகில் வாராவாரம் ஏறுகிறது, என்னுடையது என்று ஒன்றாவது அதில் இருக்கட்டும் என்கிற வயிற்றெரிச்சல். கணுக்காலில் கட்டிக்கொள், குளித்தாலும் கழற்றாதே என்று சொன்னதும் நான்தான். அந்த முடிச்சுகளின் மேல் லீஷ் பட்டை அழுத்தி, உப்புத் தண்ணீரில் புண்ணாகிப் போயிற்று என்று உங்கப்பா சொன்னார். கறுப்புக் கயிற்றைக் கழற்றிவிடு என்று அவர் உன்னிடம் சொன்னாராம். அம்மா கழற்றக் கூடாதுன்னு சொல்லியிருக்கா என்றாயாம். புண் ஆறட்டும், கரைப் பக்கம்தானே போகிறோம் என்று அன்றைக்குப் பட்டையை விட்டுவிட்டுப் போனாயாம்.

அகல்யா, இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்கிறேன். அப்பா சொன்னதை விட்டுவிட்டு நீ என் கயிற்றை வைத்துக்கொண்டாய் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனால் வந்தது. அப்புறம்தான் ஆளில்லாமல் வந்த படகு என் கண்ணுக்குத் தெரிந்தது, உப்புமாத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெற்றவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வருமா என்று நீ நினைக்கலாம். வந்தது, என்ன செய்ய. உங்கப்பா ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

ஆகையால் இதைப் படித்து முடித்ததும் அந்தக் கயிற்றை வெட்டிப் போடு. அவிழ்க்கப் பார்க்காதே, நான் போட்ட முடிச்சு அவிழாது, கத்தரிக்கோலால் வெட்டு. பிள்ளையாரிடம் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன், அவர் என்னைவிட நிதானமானவர். புண்ணில் வேப்பெண்ணெய் தடவு, ஷ்ரவணிடம் சின்ன சீசா கொடுத்திருக்கிறேன், விமான நிலையத்தில் பிடுங்காமல் விட்டால். புண் முழுக்க ஆறும் வரை தண்ணீரில் இறங்காதே. இந்த மாசக் கடைசியில் தீவிலிருந்து கரை வரைக்கும் ரேஸ் என்று நீங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது எனக்கும் கேட்டது. போகாதே என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதையும் அவரிடம்தான் பேசுவாய். போ. ஆனால் படகு தண்ணீரைத் தொடுமுன் பட்டை காலில் இருக்க வேண்டும், துடுப்பைத் தொடுவதெல்லாம் அப்புறம். விழுந்தால் துடுப்பையும் படகையும் சேர்த்துப் பிடி. காற்று உன் முதுகில் படுகிற பக்கமாக வந்து, வயிற்றைப் படகின்மேல் போட்டு, புரண்டு உட்கார்ந்து, காலை அப்புறம் உள்ளே வை, அவசரப்படாதே. இது உங்கப்பா சொன்னதுதான், நானும் பந்தின்மேல் ஏறிப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் சொல்கிறார். அவர் சரியாகச் சொல்லும்போது கேள். பயப்படுகிற வேலையை மட்டும் அவரிடம் கொடுக்காதே, அது என்னுடையது. கவிழ்ந்தாலும், காலில் முள் குத்தினாலும், என் மேலேயே தப்பு இருந்தாலும், எனக்குச் சொல்லு. நான் கத்துவேன், அழுவேன், அதற்காகத்தானே அம்மா.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உங்கப்பா பின்னால் வந்து வந்து என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்க்கிறார், கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். முருகன் துணையிருந்து உன்னை எல்லாக் காற்றிலும் நிமிர்த்தி வைத்திருக்கட்டும், தீர்க்காயுசாக இரு. ஒன்றை மறக்காதே. ரேஸ் அன்றைக்கு உங்கப்பா, உன் படகு எங்கே வருகிறது என்று திரையில் காட்டுகிற அந்தப் புள்ளி நகர்கிறதைப் பார்த்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார், அவர் நம்பருக்கு அடிக்காதே. கரை ஏறினதும் முதல் போன் எனக்கு. நீ வந்து சேர்ந்ததை அவருக்கு நான் சொல்வேன், ஒரு காபி போட்டுக் குடித்த பிறகு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
பா. செல்வி