அட்டை எஞ்சின்

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, ஸ்டோர் அறையைத் திறந்து நம் அட்டை எஞ்சினை வெளியே எடுத்ததுதான். முகம்கூடக் கழுவவில்லை. இந்தக் கிளமெண்டி அடுக்குமாடி வீட்டில் அதற்கு வேறு இடமில்லை. பயணப்பெட்டிகளுக்கும் தீபாவளி விளக்குச் சரங்களுக்கும் நடுவே ஓராண்டுக்கும் மேலாகக் கிடந்தது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. நீ அதன் நெற்றியில் வைத்த குங்குமம் பழுப்பாகிவிட்டது. வாசனை மட்டும் மாறவே இல்லை, அண்ணே. பசை வாசனை, அதோடு துவாஸ் லாரிப் பட்டறையின் டீசல்.

நேற்று அண்ணி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை உன் முதலாண்டு நினைவு நாள். உன் படத்தை அப்பாவின் லாரியில் முன்னிருக்கையில் வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சுற்றுப் போக வேண்டும் என்கிறார். “ரோட்டுக்கு அனுமதி கிடைக்காட்டியும் பரவால்ல, பட்டறைக்குள்ளயே ஒரு ரவுண்டு போதும். அவரு சத்தத்தக் கேட்டாரு, ஏறிப் போகலயே” என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த லாரி ஓடாது என்பது அண்ணிக்குத் தெரியாது.

அப்பா லாரியின் பெட்ரோல் எஞ்சினில் வெடிப்பு விழுந்தபோது, பழைய வண்டிக்கு உதிரிபாகம் எங்குமே கிடைக்காமல், ஒரு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்றாய். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு அப்பா காய்கறி ஏற்றிய பாதையில், ஒரே ஒருமுறை நீ அதை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் உன் ஆசை. ஆனால் அந்த லாரியின் மூக்கு குறுகல். முன்னால் ரேடியேட்டர், பின்னால் ஓட்டுநரின் கால்மாட்டுத் தகடு, அடியில் முன் அச்சு. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் எஞ்சின் உட்கார வேண்டும். அலுவலகத்தில் தினமும் இயந்திரப் படம் வரைகிறவள் நான்தானே. வாங்குமுன் பொருந்துமா என்று பார்க்க, அந்த எஞ்சினின் தொழிற்சாலை வரைபடத்தைத் தேடி எடுத்து, அசல் அளவில் அட்டையில் வரைந்து தந்தேன். நீ வெட்டினாய், ஒட்டினாய்.

அதைச் சங்கிலியில் கட்டி இறக்குமுன் நீ பொட்டு வைத்ததைப் பார்த்து, பட்டறை வைத்திருக்கும் லிம் அங்கிள் தலையிலடித்துக்கொண்டார். சீனர்கள் காகித வீடும் காகிதக் காரும் செய்து எரிப்பது செத்தவர்களுக்காக என்று தெரியுமல்லவா என்று கேட்டார். “திஸ் ஒன் ஃபார் லிவிங் பீப்பிள் லா, அங்கிள்” என்று சிரித்தாய். அட்டை எஞ்சின் இறங்கி உட்கார்ந்தது. எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடைவெளி. நீ என் தலையைத் தட்டினாய்.

அசல் எஞ்சின் மரப்பெட்டியில் வந்தது. கீழ்ப்பாதி முழுக்கப் பலகை அடித்திருந்தார்கள். நீ கடப்பாரையை எடுத்தாய், அடிப்பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்று. வரைபடம் இருக்கிறதே, எதற்கு என்றேன். உடனே கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு லிம்மிடம் பெருமையாகச் சொன்னாய். பிறகு அதையே எனக்குத் தமிழிலும் சொன்னாய்: “படிச்ச புள்ள கணக்குப் போட்டிருக்கு. பலகைய எதுக்குக் கழட்டணும்?”

எஞ்சினை இறக்க நல்ல நேரம் பார்த்து ஒரு நாள் குறித்தாய்; அன்றுதான் பலகையைப் பிரித்தோம். என் வரைபடத்தில், எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்ச் சட்டியின் ஆழமான பகுதி பின்பக்கம் இருந்தது. வந்ததில் முன்பக்கம். அதே பெயர், அதே எஞ்சின், வேறொரு வண்டிக்காகச் செய்தது. சட்டி நேராக முன் அச்சின்மேல் போய் உட்கார்ந்தது. நாலு விரல் உயரத்தில் எஞ்சின் துருத்திக்கொண்டு நிற்க, போனட் மூடவில்லை. பின்னால் தள்ளினால் தகடு இடித்தது. எஞ்சினை மறுபடி வெளியே தூக்கி வைத்தோம்.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. “தகட்ட வெட்டிடலாம் பாப்பா. என் கால் கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதானே.” நான் கூடாது என்றேன். அப்பா கால் வைத்த இடம் என்றேன். அது பொய், அண்ணே. வெட்டினால் என் கணக்கு தப்பு என்று அந்த லாரியிலேயே எழுதிவைத்ததுபோல் ஆகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சட்டியை மாற்றிச் செய்யலாம், எஞ்சின் தாங்கியைச் சாய்க்கலாம் என்று ஐந்து மாதம் வரைந்துகொண்டே இருந்தேன். வெட்டட்டுமா என்று லிம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அந்த ஐந்து மாதத்துக்குள்தான் உன் இடுப்புவலி வெறும் வலி இல்லை என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. வண்டி என்ன ஆச்சு? பொருத்தியாச்சு, ஓடுது என்றேன். சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாய். மறுநாள் துவாஸுக்குப் போய், பழுதுபார்க்க வந்திருந்த யாருடைய லாரியையோ ஓடவிட்டு, கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுவந்து உன் காதருகே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டாய்.

“கொஞ்சம் வேகமா ஓடுது. குறைச்சு வை, பாப்பா.”

அண்ணி சந்தோஷத்தில் அழுதார். நான் சரிண்ணே என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

உனக்குத் தெரிந்துவிட்டதா? ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே போகும் லாரி எது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நீ. தெரிந்திருந்தால், எனக்காகக் கடைசியாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். தெரியாமலிருந்தால், நான் உன்னை ஏமாற்றி அனுப்பியிருக்கிறேன். இந்த இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதிவு இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. கேட்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. ரயிலில் போகும்போது சில நாள் கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

காலையில் லிம்மைக் கூப்பிட்டுக் கேட்டேன். தகட்டை வெட்டி, வேறு தகடு வளைத்து அடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டிவிடலாமாம். “கேன் லா. த்ரீ டேஸ்” என்றார். அண்ணிக்கு எதுவும் தெரியவராது. மூன்று நாள் வேலை. உனக்கு ஐந்து மாதம் இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தாகிவிட்டது, உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. தகட்டை வெட்டப்போவதில்லை. உனக்காக வெட்டாததை, என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக வெட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணி மாலையோடு வந்து நிற்கும்போது போனட்டை நானே தூக்குவேன். உள்ளே இந்த அட்டை எஞ்சின் இருக்கும். அந்த இடத்தில் பொருந்தியது இது ஒன்றுதான். பிறகு, ஆஸ்பத்திரியில் கேட்டது யாருடைய லாரி என்று சொல்வேன். அதற்கப்புறம் அண்ணி என்னோடு பேசுவாரா என்று தெரியாது.

நசுங்கிய மூலையை நிமிர்த்திப் பசை தடவி வைத்திருக்கிறேன். காய வேண்டும்.