மூன்றாவது கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

அரசாங்கம் மக்களிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்று இரண்டு தடிப் புத்தகம் எழுதிய சட்டப் பேராசிரியை, ஒரு வாரமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுகிறாள். வேறு யார், என் அம்மாதான்.

"யாரும்மா போன்ல?"

"யாருமில்லடி."

யாருமில்லாத ஆளிடம் நாற்பது நிமிடமா?

மார்ச் 5

ஃபிரிட்ஜ் கதவில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒட்டினேன். அனுப்புநர்: இவ்வீட்டின் குடிமகள். பெறுநர்: தகவல் அலுவலர், அடுப்படிக் கிளை.

ஒன்று, போனில் யார்? இரண்டு, மேசை இழுப்பறையில் இருக்கும் பழுப்பு உறையில் என்ன? மூன்று, முகம் ஏன் உர்ரென்று இருக்கிறது? நான்கு, நேற்று டீயில் உப்புப் போட்டது யார்? (நான்தான். நான்காவதை வாபஸ் வாங்குகிறேன்.)

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

"முப்பது நாளுக்குள்ள பதில் வரும்."

விளையாட்டுக்குத்தானே செய்தேன்?

மார்ச் 11

கதவிடுக்கில் காதை வைத்தேன். நானும் வெளிப்படைத்தன்மைக்காகத்தான் பாடுபடுகிறேன்.

அப்பா: "கையெழுத்துப் போட்டுட்டா, அங்க பாக்கறதப் பத்தி வெளிய மூச்சு விட முடியாது. புத்தகமும் எழுத முடியாது."

அம்மா: "வெளிய நின்னு இருபது வருஷமா கத்தறேன். உள்ள போனா ஒரு ஃபைலையாவது திறக்கலாமில்ல?"

அவர் சொல்வதும் சரி. இவள் சொல்வதும் சரி. அது எப்படி ரெண்டுமே சரியா இருக்கும்? தலை சுத்துது.

மார்ச் 12

ஒன்றும் புரியவில்லை. கணக்குப் பரீட்சையையும் சேர்த்து.

மார்ச் 24

பதில் என் தலையணைமேல் இருந்தது. "மை டியர் மகளே" என்றெல்லாம் இல்லை. மை மட்டும் நிறைய.

"1. அமைச்சகம். 2. ஆலோசகர் பதவிக்கு அழைப்பு. ரகசியம் காப்பேன் என்ற உறுதிமொழிப் படிவம். 3." — அப்புறம் இரண்டு வரி முழுக்கக் கறுப்பு மார்க்கர்.

சண்டை போட்டேன். "பெத்த பொண்ணுகிட்டயே மறைப்பியா? அப்ப அந்தப் புத்தகமெல்லாம் சும்மாவா?"

கத்துவாள் என்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டாள். ஐயோ, எனக்கு ஏன் இந்த வாய்?

மார்ச் 26

குளிக்கும்போது உறைத்தது. மார்க்கரால் மறைப்பது சுத்த வேஸ்ட், வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்துவிடும் — அம்மா வகுப்பில் சொல்வது. என்னிடமும் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஈரத் தலையோடு ஜன்னலுக்கு ஓடினேன்.

"எது சரி என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது."

மறைத்தாளா, காட்டினாளா?

அடியில் "படித்தேன். எனக்கும்தான்" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

ஏப்ரல் 4

முப்பதாவது நாள். இழுப்பறை திறந்தே கிடந்தது. படிவத்தில் கையெழுத்து இல்லை. உறுதிமொழியை நீக்கிவிட்டால் வருகிறேன் என்று அம்மா எழுதிய கடிதத்தின் நகல். அதன்மேல் அமைச்சகத்தின் ஒற்றை வரிப் பதில் கடிதம்: அழைப்பு திரும்பப் பெறப்படுகிறது.

அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"வருத்தமாம்மா?"

"தெரியலடி. டீ ஆறுது, குடி."

இதுதான் சரியா? எனக்கும் தெரியவில்லை.

ஒரு வாய் குடித்தேன். ஒரே உப்பு.

நான் போடவில்லை.