என் பேரில் ஓர் ஒப்பாரி

நமுனுகுல
12.07.2003

அன்புள்ள குணமணிக்கு,

நான் சுகம். உமது முழங்கால் வலி குறைந்ததா?

முதுமாணிப் பட்ட ஆய்வுக்காகப் போன கிழமை இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாக்கியலெட்சுமி என்ற அம்மாவின் ஒப்பாரியை ஒலிப்பதிவு செய்தேன். "செத்தவங்க பேரு இல்லாம அழக்கூடாதுங்க ஐயா. யாரு பேருல அழட்டும்?" என்றார்.

"என்ர பேரிலையே அழுங்கோ" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி அழுவதுபோல அழுதார். எங்கள் வீட்டுக் கிணற்றடிச் செவ்வரத்தம் பூவும் பாட்டில் வந்தது. அதைப் பற்றி நான் சொன்னதேயில்லை.

அன்றிலிருந்து இந்த லய வீடுகளில் யாரும் என்னோடு கதைப்பதில்லை. தினமும் குரைக்கும் நாயும் வாலை ஒடுக்கிக்கொண்டு விலகுகிறது. இடாப்பில் பெயர் வெட்டிய பிள்ளை வகுப்பில் இருப்பதுபோல இருக்கிறேன். என் வாசலில் யாரோ விளக்கு வைக்கிறார்கள். காரணம் கேட்டபோது பாக்கியலெட்சுமி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்டுக்காரம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பி வரலாம்."

பயப்படாதேயும், ஆய்வுக்கு நல்ல விஷயம்தான். கம்பளிச் சட்டையும் கொஞ்சம் பனங்கட்டியும் அனுப்பும். இத்தனை வருஷமும் என்னை "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிட்டீர். இது கிடைத்ததும் கிணற்றடியில் நின்று என் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பெயர் கீழே இருக்கிறது.

அம்பலவாணர்