இடப்பக்கம் இரண்டு பிடி

அன்புள்ள பெரியவனுக்கு, பாட்டி எழுதுவது.

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். நான் கேட்காமலே வந்து சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதிகள். உன் தங்கச்சி மருந்தாளர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறி, பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு தோளில் தொளதொளவென்று இருந்தது, நான்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். உன் அத்தை மகன் நீச்சலில் பதக்கம் வாங்கியிருக்கிறான். குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லையாம். அவன் அக்கா கட்டடக் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறாள், தலையில் மஞ்சள் தொப்பி. அத்தனை மேஸ்திரிகளும் அவள் சொன்னால் கேட்கிறார்களாம். அவள்தான் இதுவரை யார் சொல்லியும் கேட்டதில்லை. மலைச் சரிவில் சைக்கிள் விட்டு நீ ஜெயித்த கோப்பை ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் எடுக்கக் கூட்டிப்போய் அதைக் காட்டிவிடுவேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். பெருமைக்கு ஒரு குறையும் இல்லை. உண்மைக்குத்தான் இந்த வீட்டில் தட்டுப்பாடு.

உன் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன். பின்னறைச் சுவரில் போர்வை போர்த்தி மாட்டியிருந்தது அல்லவா, அதை உன் கூட்டாளி நட்டு போன வாரம் வந்து இறக்கினான். உன் அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். உன் தங்கச்சிக்கு லீவு. தரையில் பேப்பர் விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். நான் உள்ளே போய் என்னடா நடக்குது என்று கேட்டேன். "சும்மா சர்வீஸ்தான் பாட்டி, நீங்க போய் உக்காருங்க" என்றான். நீங்களா? அரை டிராயர் போட்ட நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசுகிறவன் அவன். ஏதாவது உடைத்தாலோ ஒளித்தாலோ மட்டும்தான் அவன் வாயில் எனக்கு மரியாதை வரும். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

அடுப்படிக்குப் போகிற மாதிரி போய்த் திரும்பி வந்து கதவிடுக்கில் பார்த்தேன். பிரேக்குப் பிடியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கறுப்புக் குழாயைப் பிடித்து, பளபளவென்ற கத்தியால் நறுக்கென்று அறுத்துவிட்டான். எண்ணெய் சொட்டியது. நீ கோப்பை வாங்கின போட்டியில் அவன்தானே இரண்டாவதாக வந்தான்? பிரேக்கை அறுத்துவிட்டு நல்லவன் மாதிரி நம் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகப் பார்க்கிறானோ என்று நினைத்தேன். உன் தங்கச்சி வேறு பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளையும் ஏமாற்றியிருக்கிறான் என்று தோன்றியது.

டீ போட்டாச்சு என்று சத்தம் கொடுத்து இரண்டு பேரையும் வெளியே வரவழைத்தேன். அவர்கள் குடிக்கிற நேரத்தில் நான் உள்ளே போய், பிரேக் பிடிக்கிறதா பார்ப்போம் என்று பிடியை ஒரு அழுத்து அழுத்தினேன். அறுத்த முனையிலிருந்து எண்ணெய் பீச்சியடித்து என் துணியெல்லாம் ஆகிவிட்டது. பிடி தொளதொளவென்று உள்ளே போய்விட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நட்டுவைக் கூப்பிட்டு, என் பேரனைக் கொல்லப் பார்க்கிறியாடா என்று கேட்டேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்ன பாட்டி பண்ணி வெச்சிருக்க, காத்து பூந்துடுச்சு, இனி முதல்லேர்ந்து செய்யணும், உன்னை யாரு இங்க வரச் சொன்னது" என்றான். மரியாதை போய்விட்டது. உடனே எனக்குப் புரிந்தது, இந்த விஷயத்தில் பையன் பொய் சொல்லவில்லை.

பிறகு முக்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். அவனும் வேறு வழியில்லாமல் விளக்கம் சொன்னான். இந்த பிரேக்கில் கம்பி கிடையாதாம், குழாய்க்குள் இருக்கிற எண்ணெய் அழுத்தித்தான் பிடிக்குமாம், உள்ளே காற்று இருந்தால் பிடிக்காதாம். புது பிரேக் பெட்டியிலிருந்து வரும்போது குழாய் எல்லாருக்கும் பொதுவாக நீளமாகத்தான் வருமாம். அப்படியே விட்டால் முன்னால் வளைந்து நின்று செடி கொடியில் மாட்டும். ரொம்பக் குட்டையாக அறுத்தால் ஹேண்டிலைத் திருப்பும்போது இழுத்துப் பிய்த்துவிடும். அதனால் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, கொஞ்சம் தளர்வு விட்டு, கோணல் இல்லாமல் அறுக்கவேண்டும். முனையில் ஒரு குட்டிப் பித்தளை வளையம் போட்டு முடுக்கினான். அது நசுங்கித்தான் பிடிக்குமாம், ஒருமுறை நசுங்கினதைத் திரும்பப் போடக்கூடாதாம். அப்புறம் ஊசி மருந்து ஏற்றுகிற மாதிரி சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றினான். என்னால் பூந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியே வந்தது.

எனக்கு இது புதிதில்லை. கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்காமல் சட்டைக்கை வெட்டினால் அக்குளில் பிடிக்கும். உங்கள் எல்லாருடைய பள்ளிக்கூடச் சட்டையும் நான் தைத்ததுதானே. நட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்து, உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்புதான்டா என்று இன்னொரு டீ கொடுத்தேன்.

ஆனால் ஒரு சங்கதி. பொதுவாக வந்த துணியை அளவாக வெட்டினால், யாரோ ஒருத்தருக்கு அளவெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் குழாய்க்கு யார் அளவு? அப்போதுதான் ஹேண்டிலை நன்றாகப் பார்த்தேன். பிரேக்குப் பிடிகள் இரண்டும் இடப்பக்கத்திலேயே இருந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கியர் மாற்றுகிற குமிழும் அந்தப் பக்கமே வந்துவிட்டது. வலப்பக்கத்தில் வெறும் ரப்பர் உறை. ஒன்றுமே இல்லை.

நட்டு மேல் இருந்த சந்தேகம் அங்கேயிருந்து இறங்கி, உன் மேல் ஏறிவிட்டது கண்ணு.

ஏன் இப்படி என்று கேட்டேன். "இப்போ இதுதான் ஃபேஷன், நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றான் நட்டு. மறுபடியும் நீங்க. உன் தங்கச்சி, அங்கே ரோடு அப்படி, அண்ணன் அனுப்பச் சொன்னான் என்றாள். சாயங்காலம் உன் அப்பாவிடம் கேட்டால், கடையில் தப்பான சாமான் கொடுத்துவிட்டார்கள், மாற்றவேண்டும் என்கிறான். மூன்று பேரும் கூடிப் பேசி ஒரே பொய்யாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

மறுநாள் காலை நட்டு அதை ஓட்டிப் பார்க்க வந்தான். பள்ளிக்கூடச் சுவரோரம் இறங்குகிற சந்து தெரியும் அல்லவா, அதன் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனான். நான் மாடி ஜன்னலில் நின்றேன். அவன் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் மட்டும் பிடித்து இறங்கினான். பாதி வழியில் பிரேக் போட்டான். நின்றது. மறுபடி ஏறினான், இன்னும் வேகமாக இறங்கினான். அப்போதும் நின்றது. ஜன்னலுக்கு நேர் கீழே நின்ற உன் தங்கச்சி, ஒரு கைக்குக் கனமாக இல்லையே, ரெண்டு விரல் போதும்தானே என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சட்டைக்கையால் முகத்தைத் துடைத்தாள். வீட்டுக்குள் வந்ததும், தூசி விழுந்துடுச்சு பாட்டி என்றாள். நான் கண்ணை ஊதிவிட்டேன்.

அன்றிலிருந்து பழசையெல்லாம் எடுத்து வைத்துப் பார்க்கிறேன். கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் நீ உன் கையால்தான் எனக்கு எழுதுவாய். மழைக்காலத்திலிருந்து மெஷின் எழுத்தில் வருகிறது, வேலை அதிகம் என்கிறாய். போனில் முகத்தைக் காட்டு என்றால் சிக்னல் இல்லை என்கிறாய். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கே போகச் சோம்பற்படுகிற உன் அப்பா, ஆபீஸ் வேலை என்று திடீரென்று உன் ஊருக்குப் பறந்து போனான். திரும்பி வந்து பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் மேலே, நீ கடைசியாக அனுப்பின போட்டோ. நேற்று எடுத்தது என்று எழுதியிருந்தாய். அதில் நீ போட்டிருக்கிற பச்சைச் சட்டை இங்கே என் பீரோவில் இருக்கிறது. போன தடவை வந்தபோது, அக்குளில் பிடிக்கிறது பாட்டி என்று நீயே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தைத்தவளுக்கு மறக்குமா?

எனக்கு ரத்த அழுத்தம் என்று எல்லாருமாகச் சேர்ந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரமாக வைத்திருக்கிறீர்கள். தெரிந்தால் படுத்துவிடுவேன் என்று பயம். தெரியாததால்தான் கண்ணு நான் தூங்காமல் இருக்கிறேன். அரைகுறையாகத் தெரிந்தால் மனசு பாக்கியை அதுவாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. அது நிரப்புகிறதைவிட நீ சொல்லப்போவது சின்னதாகத்தான் இருக்கும்.

உன் தங்கச்சியையும் நட்டுவையும் திட்டாதே. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவையும் ஒன்றும் கேட்காதே. சைக்கிளைப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் அனுப்புகிறார்கள். நட்டு அறுத்துப்போட்ட குழாய்த் துண்டு ஒன்றை நான் ஊசி டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் அறுத்தபோது எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சரிவில் அந்த பிரேக் நின்றதையும் நானே பார்த்தேன். நீ மறுபடியும் மலையில் இறங்கப் பார்க்கிறாய் என்றால், அதில் எனக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி.

உனக்குப் புதுச் சட்டைக்குத் துணி எடுத்திருக்கிறேன். கட்டம் போட்டது, நீலம். பழைய அளவு என்னிடம் இருக்கிறது, ஆனாலும் அதை வைத்து வெட்ட மாட்டேன். எந்த அளவாக இருந்தாலும் எனக்குத் தைக்கத் தெரியும். பொத்தான் ஓட்டையைக் கொஞ்சம் தளர்வாக விட்டால், ஒரு கையாலேயே போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு தளர்வு விடவேண்டும் என்று நீதான் சொல்லவேண்டும்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே நன்றாக இருக்கவேண்டும். புதுசாக ஒரு போட்டோ எடுத்துக் கவரில் போட்டு எனக்கென்று தபாலில் அனுப்பு. முகம் மட்டும் வேண்டாம், முழுசாக. சிரிக்கவேண்டாம், நேராக நின்றால் போதும். எதையும் பாக்கெட்டுக்குள் வைக்காமல், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகாமல், இருக்கிறபடி.

இப்படிக்கு,
அளவு தெரியாமல் துணியை வெட்டாமல் காத்திருக்கும்
உன் பாட்டி.