நான்காவது முகம்

சகாயிங் மலை,
18 ஆகஸ்ட் 1996

கோ போ தினுக்கு,

நீ நலமாயிருப்பாய் என்று நம்புவதாக எழுதி, அடித்துவிட்டேன். பதினோரு வருஷமாக அப்படி ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. பொய்யில் தொடங்குவானேன்.

ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று டாக்டர் மிரட்டியதால், கடையை மருமகனிடம் விட்டுவிட்டு இந்த மழைக்காலம் முழுதும் இங்கே தியான மடத்தில் இருக்கிறேன். மைத்ரி தியானம். முறை இதுதான்: முதலில் தன்னையே நினைத்து 'நலமாக இருக்கட்டும்' என்று மனதார வேண்டவேண்டும். அடுத்து ஒரு பிரியமானவர். அடுத்து விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர். நான்காவதாகப் பகையாளி.

எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று முதல் படியைத் தாண்டிவிட்டேன். இரண்டாவதில் என் மகள். மூன்றாவதில் மடத்து வாசலில் மொஹிங்கா மீன்குழம்பு விற்கும் அம்மாள். நான்காவதில் உன் முகம் வந்து நிற்கிறது. அங்கேயே வண்டி மாட்டிக்கொண்டது. என் தம்பி தூன் ஷ்வே ஏறியது உன் படகில். கவிழ்ந்தபோது நீ கரையேறினாய், அவன் ஏறவில்லை.

பொறுமையாக உட்காரச் சொல்கிறார் மடத்துத் தலைமைத் துறவி சயாடோ. நான் வியாபாரி, சரக்கு எங்கே நிற்கிறதோ அங்கே நேரே போய்த்தான் எனக்குப் பழக்கம். ஆகவே இத்துடன் ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், மலையிலிருந்து வந்த முதல் தரம். நீ ஒரு பிடி தின்றுவிடு, இங்கே நானும் தின்கிறேன். சண்டை தீர்ந்ததாக வைத்துக்கொள்வோம். உன்னை மன்னித்துவிட்டேன்.

சான் ல்வின்


ஷ்வேகான் துறை,
30 ஆகஸ்ட் 1996

முதலாளி சான் ல்வின் அவர்களுக்கு,

பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேயிலை விற்றே பெரிய ஆளானவர் நீங்கள். அதை எப்போது தின்பதென்று படகுக்காரனா உங்களுக்குச் சொல்லவேண்டும்? இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, நாலு பேர் முன்னால் நடந்ததைப் பேசித் தீர்த்த பிறகு ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்பது அது. இங்கே வழக்கே நடக்கவில்லை, தீர்ப்பு மட்டும் தபாலில் வருகிறது.

அன்றைக்குத் துறையில் நான், "காத்து சரியில்ல, பன்னெண்டு கூடைக்கு மேல ஏத்தாத" என்றேன். "அக்கரையில லாரி நிக்குது, நீ பேசாம ஓட்டு" என்றீர்கள். பத்தொன்பது கூடைத் தேயிலை ஏறியது. கடைசிக் கூடையைத் தூக்கி வைத்தவன் தூன் ஷ்வே.

பிணம் கிடைத்த அன்று நீங்கள் அழுத அழுகையைப் பார்த்து, இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லாமல் இருந்த அந்த இரண்டு நாளில், நான் குடித்திருந்ததாக நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அப்புறம் நான் என்ன சொன்னால் என்ன? உங்கள் தம்பி மனைவி மா ஏ மியின் என் படகில் கால் வைக்கக்கூடாதென்று இரண்டு மைல் நடந்து அடுத்த துறைக்குப் போகிறாள்.

மலைமேல் உட்கார்ந்து நீங்கள் அனுப்பும் அன்பு ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்கு வரவில்லை. எனக்கு மன்னிப்பு வேண்டாம். நடந்ததை அவளிடம் சொல்லுங்கள்.

போ தின்


மண்டலே,
29 அக்டோபர் 1996

போ தினுக்கு,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் கொதித்தேன். சயாடோவிடம் போய் உன்னைத் திட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "முதல் ஆள எங்க விட்ட?"

அன்றிலிருந்து 'நான் நலமாக இருக்கட்டும்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாக்கியம் முடிவதற்குள் கூடைகள் வந்துவிடும். பத்தொன்பதும் வரும். நலமாக இருக்கட்டும் என்று யாரைச் சொல்வது, அந்த ஆளையா? நீ குடித்திருந்ததாக நான் சொன்ன பொய்யை இத்தனை வருஷத்தில் நானே நம்பியிருக்கிறேன். உன்னை வெறுக்காமல் இருந்திருந்தால் என் முகத்தை நான் பார்க்கவேண்டி வந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நேற்று முன்தினம் தம்பி நினைவாகத் துறவிகளுக்குச் சோறிட்டோம். அவர்கள் சாப்பிட்டு முடித்து, புண்ணியத்தை எல்லோருக்கும் பகிர்ந்து மா ஏ மியின் நீர் வார்க்கவேண்டிய நேரம். அதற்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன்: "கூடைய ஏத்துனது நான். போ தின் வேணாம்னான். அவன் குடிக்கல."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "பதினோரு வருஷமா இந்த வாயாலதானே எனக்கு ஆறுதல் சொன்னீங்க, அத்தான்?" என்றாள். நீர் வார்க்காமலே எழுந்து போய்விட்டாள். என் மகளும் என்னோடு பேசவில்லை.

சொல்வதுவரைதான் உன் வேலை, கேட்டவர் அதை என்ன செய்கிறார் என்பது உன் கையில் இல்லை, அந்த நடுநிலையையும் பழகு என்கிறார் சயாடோ. அது எனக்கு இன்னும் வரவில்லை. விலையைச் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்க்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

இந்த முறை தேயிலை அனுப்பவில்லை.

சான் ல்வின்


ஷ்வேகான் துறை,
20 நவம்பர் 1996

சான் ல்வின்,

நேற்றுக் காலை மா ஏ மியின் துறைக்கு வந்தாள். படகில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஏறி, முன் பலகையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அக்கரை வந்தது.

மற்றவர்கள் இறங்கிப் போனார்கள், அவள் போகவில்லை. பிறகு, "அவர் கடைசியா என்ன பண்ணாரு?" என்று கேட்டாள்.

உள்ளதைச் சொன்னேன். அவன் கை என் கையில் இருந்தது. இரண்டு முறை தண்ணீருக்கு மேலே வந்தோம். மூன்றாவது முறை என் கை வெறுங்கையாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனாள்.

உன்னைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதற்கு நாளாகும். ஆனால் இதை உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. இந்தப் பதினோரு வருஷத்தில், அவன் கடைசியாக என்ன செய்தான் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

போ தின்