அந்த அம்மா வெதரைப் பற்றிப் பேசவில்லை

கிள்ளை,
தை 12.

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், லீட்ஸ் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் சாமியிடம் சொல்லிவைக்கிறோம். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறார் என்று யோசிக்காதே. போனில் சொன்னால் முக்கியமான இடத்தில் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. உன் அப்பன் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறான் இலக்கியா! எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் படி.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பிச்சாவரத்தில் என் படகில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி ஏறினார்கள், அறுபதைத் தாண்டியவர்கள். அவர் பெயர் பிரையன், அந்த அம்மா மார்கரெட். கூடவே புதுச்சேரியிலிருந்து அவர்களைக் காரில் கூட்டிவந்த கைடு ராஜ்கமல். இங்கிலீஷில் எம்.ஏ. படித்தவன், உன் அம்மா வழியில் ஏதோ தூரத்து உறவு என்று என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். சுரபுன்னைக் காட்டுக்குள் கிளைகள் தலையில் இடிக்கிற குறுகல் கால்வாய் இருக்கிறதே, அதுவரைக்கும் போய்விட்டோம். பிரையன் மீன்கொத்தியைப் போட்டோ எடுப்பதிலேயே குறியாக இருந்தார். ஏறும்போது என்னோடு அவ்வளவு சிரித்துப் பேசிய அந்த அம்மா திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். "ஆர் யூ ஓகே மேடம்" என்று கேட்டேன். "ஜஸ்ட் எ பிட் அண்டர் த வெதர்" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. ராஜ்கமலைப் பார்த்தேன், அவன் செல்லை நோண்டிக்கொண்டே, "ஒண்ணுமில்ல மாமா, க்ளைமேட்டப் பத்தி சொல்றாங்க, நீங்க உள்ள போங்க" என்றான்.

நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை. சிலுசிலுவென்று நல்ல காற்று. கடலில் பிறந்து வளர்ந்தவன் நான், இந்த வானத்தில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அந்த அம்மாவும் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். அந்தக் காற்றிலும் நெற்றி நிறைய வியர்வை. இடது தோளை விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார், உதடு வெளுத்திருந்தது. சொன்ன வார்த்தை என்னவாகவும் இருக்கட்டும் என்று படகைத் திருப்பிவிட்டேன்.

ராஜ்கமலுக்குக் கோபம். "இன்னா மாமா பண்றீங்க, இன்னும் பாதிகூட சுத்திக் காட்டல. கம்ப்ளைன்ட் குடுத்தாங்கன்னா நாளைக்கி உங்கள படகுல ஏத்த மாட்டாங்க" என்றான். "ஏத்தாட்டி போறாங்க. மொதல்ல அந்தம்மா மூஞ்சப் பாரு, அப்புறமா வெதரப் பாக்கலாம்" என்றேன். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான், ஆள் அப்படியே ஆடிப்போய்விட்டான். உடனே கரையில் இருந்த டிரைவருக்குப் போன் போட்டான். இருபத்திரண்டு வருஷமாகத் துடுப்புப் போடுகிறேன், அன்றைக்குப் போட்ட மாதிரி என்றைக்கும் போட்டதில்லை, இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. பாதி வழியில் அந்த அம்மா பிரையன் மடியில் சாய்ந்துவிட்டார். கரையில் தூக்கிக் காரில் போட்டு, நானும் ஈரச் சட்டையோடு ஏறிக்கொண்டு, நேராகச் சிதம்பரம் ஆஸ்பத்திரி.

இதயத்தில் அடைப்பு என்றார்கள். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். டாக்டர் வெளியே வந்து பிரையனிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார், மேடம் எப்படி என்று பிரையனிடம் கேட்டேன். "நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்" என்று தலையை ஆட்டினார். வுட்ஸ் என்றால் காடு என்று எனக்குத் தெரியும். பாவம், பதற்றத்தில் மனுஷருக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "நோ சார், ஃபாரஸ்ட் முடிஞ்சி ஒன் அவர் ஆச்சு, திஸ் ஈஸ் சிதம்பரம்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் என்னையே பார்த்தார், சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார். ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்பதை அப்படிச் சொல்வார்களாம். ராஜ்கமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மாமா, அந்தம்மா வெதர்னு சொன்னதுக்கு ஒடம்பு முடியலன்னு அர்த்தமாம். இப்பதான் செல்லுல பாத்தேன். எம்.ஏ. படிச்சி இன்னா பிரயோஜனம்" என்றான். முதுகில் தட்டிக்கொடுத்தேன், வேறென்ன செய்ய? சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் வந்து, அடைப்பை எடுத்தாகிவிட்டது, இனி பயமில்லை, இன்னும் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார். பிரையன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் மேல் வேர்வையும் சேறும், அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை.

உன் அம்மா அடிக்கிற பெருமையைக் கேட்காதே. இருபது வருஷமாக என்னுடைய எஸ்-நோ இங்கிலீஷைக் கேலி செய்தவள், கடலூர் முதுநகரில் உன் மாமா கோவிந்தசாமி வீட்டு நிச்சயதார்த்தத்தில் பெண்ணைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, "எங்கூட்டுக்காரரு இங்கிலீஷு புரிஞ்சி ஒரு உசுர மீட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸிலும் அதே கதை, அதற்குள் கதையில் ஒரு முதலையும் சேர்ந்துவிட்டது!

இன்னும் ஒன்று இருக்கிறது, அது அம்மாவுக்குத் தெரியாது. டாக்டர் நல்ல சேதி சொன்ன பிறகு நானும் பிரையனும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரே மகள், இங்கிலாந்தில் வேலை என்றேன், எப்படி இருக்கிறாள் என்றார். ஞாயிறுதோறும் நீ போனில் என்னிடம் சொல்வதை அப்படியே பெருமையாகச் சொன்னேன், "ஷி ஈஸ் ஹேங்கிங் இன் தேர், சார்". வேலையில் நன்றாக ஊன்றிக்கொண்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. என்ன கஷ்டம் அவளுக்கு என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் காட்டினார். தாங்க முடியவில்லை, ஆனாலும் பிடியை விடவில்லை என்று அர்த்தமாம்.

ஒரு வருஷமாக நீ இதையே சொல்கிறாய் கண்ணு, நானும் சூப்பர் சூப்பர் என்று போனை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வேலையில் யாராவது ஏதாவது சொல்கிறார்களா, தனியாக இருப்பது பாரமாக இருக்கிறதா, உடம்புக்கு ஏதுமா, எதுவாக இருந்தாலும் சொல். அங்கேயே இருக்க வேண்டும் என்றால் இரு, வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை, கிளம்பி வா. நெட் சரியில்லை என்று வீடியோவை அணைத்துவிட்டுத்தானே எப்போதும் பேசுகிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மா தூங்கப் போன பிறகு கூப்பிட்டாலும் சரி. நம் பாஷையில் சொல், அப்பா பதில் பேசாமல் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. நீ நூறு வருஷம் சிரிப்போடு இருக்க வேண்டும். வீடியோவைப் போட மறக்காதே.

உன் பிரியமுள்ள அப்பா,
கி. சடையப்பன்