‘துன்னியா?’ என்று கேட்கும் பெட்டி

மாமு,

இன்று மதியம் ஒன்றேகால் மணிக்கு நீ என்னைப் பார்த்து “துன்னியா?” என்று கேட்டாய். நான் முறுக்கைக் கடித்தபடி “துன்னுகினுதான் கீறேன்” என்று சத்தமாகச் சொன்னேன். எதிர் நாற்காலியில் இருந்த ஏழுமலை அண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது அல்லவா, அதனால்.

கேட்டது கணினிதான். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். “துன்னியா?” என்ற கேள்விக்குக் கீழே “ஆச்சு”, “இல்ல” என்று இரண்டு பொத்தான். “இல்ல”வை அமுக்கினால் ஐந்து நிமிடத்துக்கு எந்த வேலையும் ஓடாது. போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். காசிமேட்டுப் படகுச் சங்கத்தின் ஒரே எழுத்தராக இருந்துகொண்டு, எக்செலுக்குள் ஒரு முழுச் செயலியையே எழுதி வைத்தவன் நீ. எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று எக்செலில் பதிந்தால் அது வேர்டைத் தட்டி எழுப்பி, படகுக்கு ஒன்றாக ஆள் சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் நம் சங்கத்துப் படகு ஒன்றும் நகராது. இப்படித் தானாக ஓடும் நிரலை ஊரெல்லாம் மேக்ரோ என்று சொல்ல, அதை நான் மட்டும் ‘மாமாக்ரோ’ என்பேன்.

நீ எனக்கு ஒரு வரிகூடச் சொல்லித் தந்ததில்லை. எட்டிப் பார்த்தால், “போ, போயி பிஸ்கட் வாங்கியா” என்று விரட்டுவாய். நமக்குள் இருந்ததெல்லாம் போர்தான். நான் உன் விசைப்பலகையில் பாதி எழுத்துகளைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தேன். நீ விசையைப் பார்த்துத் தட்டுகிற ஆளே இல்லை என்பதால், உனக்கு அது தெரிந்ததே ஒரு வாரம் கழித்துத்தான். பதிலுக்கு நீ வேர்டில் தானாகத் திருத்தும் இடத்தில் என்னவோ செய்துவிட்டாய். தேன்மொழி என்று நான் தட்டும்போதெல்லாம் அது தேவாங்கு என்று மாறியது. கவனிக்காமல் ஸ்கூல் புராஜெக்டை அச்செடுத்துக் கொண்டுபோனேன். “தேவாங்கு, பன்னிரண்டாம் வகுப்பு, எழுந்து நில்லு” என்று டீச்சர் படித்தபோது எழுந்தும் நின்றேன், பார். அந்த ஆண்டு முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

கார்த்திகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ ஆட்டோவில் ஏறியபோதுகூட, “மீட்டர் போடு நைனா, நான் பாதியில எறங்கினாலும் எறங்குவேன்” என்று ஓட்டுநரை வம்புக்கு இழுத்தாயாம். அம்மா இதைச் சொல்லும்போது பாதியில் சிரிப்பாள். மீதிப் பாதியைச் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் உன் பழைய கணினி கண்ணை மூடிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பலகை முழுக்க உப்புக்காற்று அரித்த பூ. டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. ஏழுமலை அண்ணன் சங்கத்தின் செயலாளர் என்ற மிடுக்கோடு புதுக் கணினி ஒன்றை வாங்கிப் போட்டார். அதில் உன் கோப்பைத் திறந்தோம். பிழைச் செய்தி. மூடித் திறந்தோம். வேறொரு பிழைச் செய்தி.

“காலாவதி ஆயிட்ச்சி பாப்பா. அழிச்சிட்டு கம்பெனிக்காரன் கைல புச்சா போடச் சொல்றேன்” என்றார் அண்ணன்.

“அண்ணே, எனக்குப் பத்து நாளு குடு. பிளஸ் டூ முடிச்சிட்டு சும்மாதான் கீறேன்.”

“நீ இன்னாமே பண்ணுவே? போன வாட்டி பிரிண்டர்ல கோலப்பொடி கொட்டினவதானே நீ?”

“அது கலை. இது வேலை.”

அவர் சிரிக்கவில்லை. “மீன்புடி தடைக்காலம் முடியற அன்னிக்குக் காலைல சீட்டு கைக்கு வரணும். வரலன்னா உன் மாமன் எழுதனது மொத்தமும் குப்பை. அப்பால அழக்கூடாது.”

அழுவதா? எனக்குக் கோபம்தான் வந்தது. உன் துணியை எல்லாம் அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். உன் குரல் ஒரு கல்யாண வீடியோவில் கால் நிமிடம் இருக்கிறது, அதிலும் நீ தும்முகிறாய். நீ நீயாகப் பேசுவது அந்தக் கோப்புக்குள் மட்டும்தான். அதை அழிக்க விடுவேனா?

போனில் பாட வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தால், நீ கொழுப்பெடுத்துப் போய் எல்லாவற்றுக்கும் மீன் பெயர் வைத்திருந்தாய். பெரிய பட்டியலுக்குச் சுறா. ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஓடுகிற குட்டி எண்ணுக்கு நெத்திலி. இடையிடையே, ‘இத்த தொட்டா கை ஒடியும்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டிய குறிப்பு வேறு. எல்லாவற்றையும் தொட்டேன். பழைய எக்செல் முப்பத்திரண்டு பிட், புதியது அறுபத்து நான்கு. அதனால் நீ விண்டோஸைக் கூப்பிட்ட வரிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தேதி காட்டும் உன் நாட்காட்டிப் பெட்டி புதுக் கணினியில் கிடையவே கிடையாது; தூக்கிவிட்டு, தேதியைக் கையால் தட்டும்படி வைத்தேன். வேர்டை நீ இன்ன பதிப்புதான், இன்ன வயதுக்காரன்தான் வர வேண்டும் என்று பெயரும் வயதும் சொல்லிக் கூப்பிட்டிருந்தாய். நான் ‘யார் இருந்தாலும் வாங்க’ என்று மாற்றினேன். பிழையே பிழைப்பாகிப் போன எட்டு நாள், மாமு. ஒன்பதாம் நாள் முதல் சீட்டு வந்தது. அந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்தேன்.

ஒரே ஒரு தொல்லை. நீ பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்ததால், உன் பெட்டிகளில் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம்தான் தெரிந்தது. ஒன்றேகால் மணிப் பெட்டியை நான் பல வருடம் பார்த்தவள், அதைப் புதிதாகத் தட்டிவிட்டேன். இன்னொரு பெட்டியைப் பார்த்ததாக நினைவே இல்லை. நாலு படகுச் சீட்டுகளில் மட்டும் குறுக்கே வந்து நின்று, அச்சடிக்க விடாமல் மறித்தது. பழைய டிஸ்க்கிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டால் படித்துவிடலாம். மூன்று நிமிட வேலை. நான் போடவில்லை. மாமனின் சேட்டை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு, பெட்டியை அழைக்கும் வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள்குறி ஒன்றை வைத்து, அந்த வரி ஓடாதபடி அதன் வாயை மூடினேன். சேட்டைக்காரிக்கு உலகமே சேட்டையாகத் தெரியும் போலிருக்கிறது.

தடைக்காலம் முடிந்த அன்று காலை சீட்டுகள் அப்பளம் மாதிரி வரிசையாக வந்து விழுந்தன. ஏழுமலை அண்ணன் எனக்கு லஸ்ஸி வாங்கித் தந்தார். பதினொரு மணி இருக்கும், பக்கத்து வீட்டுத் தனம் அத்தை கையில் அடுக்குச் சட்டியும் ஒரு சீட்டின் நகலுமாக உள்ளே வந்தது.

“இன்னாமே இது? இதுல என் வூட்டுக்காரு பேரும் கீது, என் புள்ள சுரேஷு பேரும் கீது.”

“ஆமா அத்த. ரெண்டு பேரும் ஒரே போட்டுதான். சுரேஷு வந்து பேரு குட்த்தானே.”

“பொட்டி கேக்கலியா?”

“எந்தப் பொட்டி?”

“உன் மாமன் போட்ட பொட்டிடீ! ஒரே வூட்டு ஆளு ரெண்டு பேர ஒரே போட்டுல ஏத்தக்கூடாது. நான்தான் சொன்னேன், அவன்தான் எழுதனான். என் அண்ணனுங்க ரெண்டு பேரும் ஒரே போட்டுல போனானுங்க, ரெண்டு பேரும் வரல. இந்தத் தெருவுல இன்னொருத்திக்கு அது வாணாம்னு சொன்னேன்.”

லஸ்ஸி டம்ளரைக் கீழே வைத்தேன். தனம் அத்தை வைத்த சட்டத்தை நீ கணினிக்குள் பூட்டி வைத்திருக்கிறாய். நான் பூட்டை உடைத்துவிட்டுப் பாராட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன். நீ போன பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்று, புது இஞ்சின் போட்ட படகு என்ற ஆசையில் சுரேஷ் அப்பாவின் படகிலேயே பெயர் கொடுத்திருக்கிறான்.

எழுத்துருவைப் போட்டேன். மேற்கோள்குறியை எடுத்தேன். நாலு சீட்டையும் மறுபடி ஓட்டினேன். பெட்டி வந்தது, இந்த முறை தமிழில்: ‘ஒரே வூட்டு ஆளு ரெண்டு பேரு கீறாங்கோ. ஒருத்தர் வேற போட்டுக்குப் போங்கோ. தனம் திட்டும்.’

தனம் ஏற்கெனவே திட்டிக்கொண்டுதான் இருந்தது. நாலு படகையும் குறித்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினேன், பின்னாலேயே அத்தையும் அடுக்குச் சட்டியும். மூன்று படகுகளில் சொன்னதும் ஆள் மாறிக்கொண்டார்கள். நாலாவது சுரேஷின் படகு. ஐஸ் ஏற்றி முடித்து, கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய் சுரேஷு, எறங்குடா!” என்றது அத்தை கரையிலிருந்து.

“யம்மா, எல்லாரும் பாக்கறாங்கமா!”

“பாக்கட்டும். எறங்கறியா, நான் ஏறட்டா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் கடலைப் பார்த்தார். படகுகள் உரசிக்கொண்டு நிற்கிற நெரிசலில், சுரேஷ் ஒன்றிலிருந்து ஒன்றாக ஆறு படகு தாண்டிக் குதித்துப் போய்க் கடைசிப் படகில் ஏறினான். அங்கிருந்து என்னைப் பார்த்து, “தேவாங்கு, உன்ன வந்து பாத்துக்கறேன்” என்று கத்தினான். அந்தப் பெயர் துறைமுகம்வரை வந்துவிட்டது, உன் புண்ணியத்தில்.

அன்று மதியம் பயம் பிடித்துக்கொண்டு, நான் சிரித்துத் தாண்டிப் போன வரிகள் அத்தனையையும் உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் இன்னொரு வரி கண்ணில் பட்டது. ஒவ்வோர் ஆளுக்கும் ‘கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும்’ என்று ஒரு கட்டம் உண்டு அல்லவா? ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்து, இங்கே யாருமே இல்லாத பையன்களுக்கு அந்தக் கட்டம் காலி. காலியாக இருந்தால் உன் கைப்பேசி எண்ணைப் போடு என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காலைச் சீட்டுகளிலும் உன் எண்தான் போயிருந்தது. இறந்துபோன உன்னை நம்பி அத்தனை பேர் கடலில் இருந்தார்கள்.

அந்த எண்ணை மாற்றலாம் என்று வீட்டுக்கு வந்தால், பீரோவுக்குள் உன் பட்டன் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா ஏழு மாதமாக அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “குழம்பு அடிபுடிக்குது” என்று எழுந்து போனாள். அடுப்பில் குழம்பே இல்லை.

எண்ணை மாற்றவில்லை, மாமு. போனை நான் எடுத்துக்கொண்டேன். உன் வரிக்குக் கீழே, ‘இத்த தொட்டா நானும் கைய ஒடிப்பேன்’ என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தேன். ஏழுமலை அண்ணன் கம்பெனிக்காரனைப் பற்றி இப்போது பேசுவதில்லை. ஒன்றேகால் பெட்டியை மட்டுமாவது எடுத்துவிடு என்றார். முடியாது, அது முக்கியமான பாகம் என்றேன்.

இன்று “ஆச்சு” பொத்தானை அமுக்கி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் போன் அடித்தது. தடைக்காலத்துக்குப் பிறகு போன முதல் படகுகள் இன்று திரும்புகிற நாள்.

“கரை அண்ணனா? வந்துட்டோம் அண்ணா” என்றது ஓர் இளங்குரல், தெலுங்கு வாடையோடு.

“அண்ணன் இல்லப்பா. கரை அக்கா.”

மோட்டார் சத்தத்துக்கு நடுவே அவன் பக்கத்தில் யாரிடமோ தெலுங்கில் என்னவோ சொன்னான்.

“சரி அக்கா. நாலு பேரும் நல்லா வந்துட்டோம்.”

எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன்.

“துன்னியா?”

உன்
தேவாங்கு